துயிலும் மறதியும்: ஒரு பழம்பழியின் மறு ஆய்வு

திருக்குறளின் மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தல், மறத்தல், சோம்புதல், உறங்குதல் என்னும் நான்கும் ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றன. கெட்டொழியப் போகின்றவர் விரும்பி ஏறும் மரக்கலம் இவை என்பது வள்ளுவர் கருத்து. இவை ஓரினமானதற்குப் பரிமேலழகர் காரணமும் காட்டுகிறார். யாவும் தாமத குணத்திற் பிறந்து ஒன்றோடொன்று கூடி வருவன என்பது அவர் துணிபு. உரையாசிரியரின் கூர்த்த நோக்கு வியக்கத்தக்கதே. உறக்கமும் மறதியும் ஒருவனிடத்தில் இணைந்தே காணப்படுதலை அவர் கண்டார். இணைந்ததன் காரணத்தைக் குணத்தில் தேடினார். இற்றை மருத்துவமோ, ஒரு சாராரைப் பொறுத்தவரை, அக்காரணத்தைத் தொண்டையில் தேடுகிறது.

குணம் என்னும் விடைக்கும் தொண்டை என்னும் விடைக்கும் இடையேயுள்ள தொலைவு, மலாக்கா மாநிலத்துத் தமிழர்க்கு வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. ஜாசின், மெர்லிமாவ், தெபோங், புக்கிட் அசஹான் ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் ஒரு மனிதனின் தகுதி விடியற்காலையில் அளக்கப்பட்டது. இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்து நில்லாதவன் பெயர் கிராணியாரின் ஏட்டில் ஏறாது. அன்றைய கூலியும் இல்லை. எழ முடியாமற் போனவனுக்குத் தூங்குமூஞ்சி என்றும் கும்பகர்ணன் என்றும் பட்டம் கிடைத்தது. மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கும் நேரம் வரும்வரை நிழலில் உட்கார்ந்தவன் கண்ணயர்ந்தால், அவனுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. துரைமார் எழுதி வைத்த குறிப்புகளிலும் சோம்பல் என்பது உள்நாட்டு மக்களின் பிறவிக் குணமாகவே பேசப்பட்டது. இக்கதை எவ்வாறு கட்டப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோவர் ஆகியோரைப் பற்றியதே அவருடைய ஆய்வு. ஆயினும் உறங்குகிறவனைக் கண்டவுடன் அவன் குணத்தைத் தீர்ப்பிடும் பழக்கம் துரைமாரோடு நின்றுவிடவில்லை. மண்டோரிடமும் இருந்தது; மனைவி மக்களிடமும் இருந்தது.

இங்கு ஒரு மிகையைத் தவிர்த்தல் வேண்டும். அந்நாளில் மரத்தடியில் கண்ணயர்ந்த தொழிலாளர் எல்லாரும் மூச்சுத்தடை நோயினர் என்று இன்று கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். அவர்களுள் பெரும்பாலோர் மெலிந்த உடலினர். மலேரியாவும், கொக்கிப்புழுவால் வந்த இரத்தசோகையும், விடியுமுன் எழுந்த களைப்புமே அவர்களுடைய அயர்வுக்குப் போதுமான காரணங்கள். நோய் பெருகியது பின்னர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலாக்கா நகரிலும், அலோர் காஜாவிலும், ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் குடியமர்ந்தன. நாள்தோறும் நடந்த கால்கள் லாரியின் இருக்கையிலும், காவலாளியின் நாற்காலியிலும், ஆலையின் இரவு முறையிலும் ஓய்ந்தன. உடல் பருத்தது, கழுத்துத் தடித்தது. தந்தைக்கு இட்ட பட்டம் மட்டும் மாறாமல் மகனுக்கும் வந்து சேர்ந்தது.

கும்பகர்ணன் என்னும் பட்டத்தையே சற்று ஆராயலாம். வான்மீகி காட்டும் கும்பகர்ணனை எழுப்பச் சென்ற அரக்கர், அவன் விடும் மூச்சின் வேகத்தால் பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர். பேரொலியான மூச்சு, எளிதில் எழுப்பவியலாத உறக்கம், எழுந்தவுடன் பெரும்பசி ஆகியவற்றையெல்லாம் ஒரு மருத்துவரின் கண்ணோடு கவிஞர் கண்டிருக்கிறார் என்று சிலர் மகிழலாம். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. மூச்சுத்தடை நோயினனின் மூச்சு நின்று நின்று வருவது. கும்பகர்ணனின் மூச்சோ தடையின்றி வீசுகிறது. மேலும், எழுந்தபின் அவன் அறிவில் மழுக்கம் சிறிதும் இல்லை. கம்பன் படைத்த கும்பகர்ணன், இலங்கை அவையில் வீடணனுக்கு அடுத்தபடியாகத் தெளிந்த நீதியை எடுத்துரைக்கிறவன். தமையனின் பிழை இன்னது என்று அறிந்தே செஞ்சோற்றுக் கடனுக்காகப் போர்க்களம் புகுகிறவன். திருப்பாவையின் பத்தாம் பாட்டில் ஆண்டாள் அவனை நினைவூட்டுவது நகைச்சுவைக்காக. பின்வந்தோர் நகையை மட்டும் எடுத்துக்கொண்டு, நீதி பேசிய நாவை மறந்தனர். உறங்குகிறவனைக் கும்பகர்ணன் என்று ஏசுவோர் அப்படலத்தை முழுதும் படித்தவர் ஆகார்.

மேனாட்டு இலக்கியத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. டிக்கன்ஸ் 1836, 1837 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட பிக்விக் கதையில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருகிறான். நின்றபடியே உறங்குவான், குறட்டை விடுவான், விழித்தால் தின்பான். வாசகர் சிரித்தனர். நூற்றிருபது ஆண்டுகள் கழிந்து, 1956இல், பர்வெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் தம்மிடம் வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்நோய்க்குப் பிக்விக் கதையின் பெயரையே சூட்டினர். அந்நோயாளி 51 வயதினர், வணிக நிறுவனமொன்றில் பொறுப்பான பதவி வகித்தவர். பகலில் தம்மையறியாமல் உறங்கிப்போவது அவர் வழக்கம். அதனை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையில் வந்திருந்தும் உறங்கிப்போய் அவ்வாட்டத்தை இழந்தார். அதன்பின்னரே மருத்துவமனைக்கு வந்தார். வேடிக்கையான செய்தி, ஆனால் நோயினர் பலர் மருத்துவரை நாடும் வகை இன்றும் இதுவே. உடல் கெடும்போது வருவதில்லை, கைப்பொருள் கெடும்போது வருகின்றனர்.

பர்வெல் குழுவினர் குற்றம் முழுவதையும் பருமன் மேலும் குறைந்த மூச்சின் மேலும் ஏற்றினர். இரவில் நடப்பது என்ன என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அதனைப் பார்த்தவர்கள் 1965இல் பிரான்சில் கஸ்தோவும், ஜெர்மனியில் யுங், குலோ ஆகியோரும் ஆவர். உறங்குபவரின் மூளை மின்னலைகளையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்தபோது உண்மை வெளிப்பட்டது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவ்வழி முற்றிலும் அடைபட்டுப் போகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயல்கின்றன, காற்று நுழைவதில்லை. குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிக்கிறது, தொண்டை திறக்கிறது, பெருங்குறட்டையோடு மூச்சு மீள்கிறது. உறங்கியவருக்கோ இதில் ஒன்றும் நினைவில் இராது. பத்து வினாடிக்குக் குறையாத தடையையே கணக்கிற் கொள்வர். மணிக்கு 5 முறைக்கு மேல் நிகழ்ந்தால் நோயின் தொடக்கம். 30க்கு மேல் என்றால் கடுமை. மணிக்கு 30 என்பது ஏழு மணிநேர உறக்கத்தில் 210 முறை மூச்சுத் திணறுவதாகும். நற்றூக்கத்தின் அடையாளம் என்று வீட்டார் எண்ணி மகிழும் குறட்டை, உண்மையில் ஒரு போராட்டத்தின் ஓசை.

இந்நோய்க்கு நோயாளி சாட்சியாக முடியாது. அருகிற் படுத்தவரே சாட்சி. பழைய லயத்து வீடுகளில் பலகைச் சுவருக்கு அப்பாலும் குறட்டை கேட்டது. அடுத்த வீட்டார் மறுநாள் கேலி பேசினர். கேலியாயினும் அது ஒரு செய்தி. இன்று செங்கல் வீட்டில் கதவடைத்துத் தனியறையில் உறங்கும் முதியவரின் மூச்சு நின்றதைக் கண்டு சொல்ல ஆளில்லை.

இதயத்தின் செய்தி இனி வருகிறது. ஆராய்ச்சியாளரிடையே இப்போது பெரிதும் பேசப்படுவதும், கைக்கடிகாரம் விற்போர் வாயிலாகப் பொதுமக்களிடையே தவறாகப் பரவியிருப்பதும் இச்செய்தியே.

நாடித்துடிப்பு கடிகாரத்தைப் போல ஒரே சீராக அடிப்பது நலம் என்பது பொதுமக்கள் எண்ணம். அது தவறு. நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் நல்லிதயத்தில், ஒரு துடிப்பிற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் சரியாக ஒரு வினாடி என்று இராது. சிறிது கூடியும் சிறிது குறைந்தும் வரும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு விரைகிறது, வெளிவிடுகையில் தாழ்கிறது. கார்ல் லுத்விக் 1847இலேயே விலங்கில் இதனைப் பதிவு செய்து காட்டினார். வேகஸ் என்னும் நரம்பு இதயத்திற்குக் கடிவாளமாக நின்று, மூச்சுக்கு மூச்சு இழுத்தும் தளர்த்தியும் நடத்துவதால் விளையும் ஏற்றத்தாழ்வு இது. கடிவாளம் அறுந்தால் ஓட்டம் ஒரே சீராகும். அது கேட்டின் அறிகுறி. மாரடைப்புக்குப் பின் உயிர் பிழைத்த 808 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 1987இல் கிளைகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், துடிப்பிடை வேறுபாடு மிகக் குறைந்தவர்கள், மிகுந்தவர்களைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட இறப்பு அபாயம் உடையவராய் இருந்தனர்.

இந்த ஆய்வுக்குப் பின் வேறுபாடு மிகுதல் நலம், குறைதல் கேடு என்று ஒரு சூத்திரம் பிறந்தது. சூத்திரம் சிறியதாயிருந்ததால் எளிதிற் பரவிற்று. மணிக்கட்டில் கட்டிய கருவி ஒவ்வொரு காலையிலும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. எண் பெரிதாயிருந்தால் மகிழ்ச்சி, சிறிதாயிருந்தால் கவலை.

மூச்சுத்தடை நோயினரிடம் இச்சூத்திரம் தலைகீழாகிறது என்பதைச் சொல்வார் சிலரே. கில்லெமினோ குழுவினர் 400 நோயாளிகளை ஆராய்ந்து 1984இல் லான்செட் இதழில் எழுதியது இதற்குச் சான்று. மூச்சுத் தடைபடும்போது இதயம் தாழ்ந்து துடிக்கிறது. மூளை விழித்து மூச்சு மீளும் கணத்தில் துடிப்பு திடீரென விரைகிறது. அரை நிமிடத்திற்கோ ஒரு நிமிடத்திற்கோ ஒருமுறை, இரவு முழுவதும், அலையலையாக இது நிகழ்கிறது. இந்த அலைகளையும் கூட்டிக் கணக்கிட்டால் இரவின் மொத்த வேறுபாடு பெரிய எண்ணாகவே வரக்கூடும்! ஆயின் அப்பெரிய எண் திணறலால் விளைந்தது. மூச்சோடு இசைந்து எழும் விரைவான ஏற்றத்தாழ்வே வேகஸின் நலத்தைக் காட்டுவது. அது இவர்களிடத்தில் பெரும்பாலும் குன்றிக் கிடக்கிறது. பேரலையின் கீழே சிற்றலை மறைந்து போகிறது. ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவன், புயலில் ஆடும் மரத்தைத் தென்றலில் ஆடுவதாக எண்ணி மகிழ்ந்தவன் ஆகிறான். எந்த அலை, எவ்வளவு நேரத்திற்கொருமுறை, விழிப்பிலா உறக்கத்திலா என்று பிரித்துக் கேட்காத எந்த அளவும் இந்நோயில் பொருளற்றது.

அறிவின் தேய்வுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன? மூளையின் முன்புறப் பகுதி திட்டமிடுதல், கவனம், அடக்கம் ஆகியவற்றை ஆள்வது. வேகஸின் கடிவாளமும் அப்பகுதியோடு பிணைப்புடையது என்று தேயர், லேன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். ஆகவே இதயத்தின் நெகிழ்வைக் கொண்டு மூளையின் நெகிழ்வை அறியலாம் என்ற ஆசை எழுந்தது. மூச்சுத்தடை நோயினர் சிலரை ஒருமுறை அளந்து, துடிப்பிடை வேறுபாடு குன்றியவர்களே நினைவுத் தேர்வில் பின்தங்கினர் என்று காட்டும் கட்டுரைகள் வரத் தொடங்கின.

ஆசையும் கட்டுரைகளும் பெருகிய அளவுக்குச் சான்று பெருகவில்லை. துடிப்பிடை வேறுபாடு முதுமையில் தானே குறைவது, நினைவும் அவ்வாறே. ஒரே காலத்தில் இரண்டும் குறைந்தால் ஒன்று மற்றொன்றின் காரணம் என்று கூறுதல், நரையும் திரையும் ஒருங்கே வந்தமையால் நரையே திரைக்குக் காரணம் என்பது போலாகும். மலாக்காத் தமிழரிடத்தில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. மலேசியாவின் தேசிய உடல்நல ஆய்வுகளில் நீரிழிவு இந்தியரிடையே மிக்கிருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. நெடுநாள் நீரிழிவு இதயத்திற்குச் செல்லும் நரம்புகளையே அரிக்கிறது. துடிப்பு ஒரே சீராகிவிடுகிறது. இரத்தக் கொதிப்புக்குத் தரும் மருந்துகளிற் சில நேரே நாடியை மாற்றுகின்றன. ஆகவே ஜாசினில் உள்ள ஒரு முதியவரின் துடிப்பிடை வேறுபாடு குறைந்திருந்தால், அது சர்க்கரையின் பேச்சாக இருக்கலாம், மாத்திரையின் பேச்சாக இருக்கலாம், வயதின் பேச்சாகவும் இருக்கலாம். அதனை மூளையின் பேச்சு என்று மொழிபெயர்க்கும் துணிவு ஆராய்ச்சிக்கு அழகன்று.

இவ்வளவு கூறியதால் மூச்சுத்தடைக்கும் அறிவுத் தேய்வுக்கும் தொடர்பே இல்லை என்று கொள்ளற்க. தொடர்பு உண்டு, அதன் வலிமையான சான்று வேறிடத்தில் இருக்கிறது. யாஃபே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் தலையாயது. சராசரி 82 வயதுடைய, அறிவு மழுங்காத 298 பெண்களின் இரவு உறக்கத்தை முதலில் பதிவு செய்து, ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து மீண்டும் சோதித்தனர். மூச்சுத்தடை உடையவருள் 44.8 விழுக்காட்டினர் அறிவுத் தளர்ச்சியோ மறதி நோயோ அடைந்திருந்தனர். இல்லாதவருள் அவ்வாறானவர் 31.1 விழுக்காட்டினர். இவ்வாய்வின் சிறப்பு, எதனால் என்ற வினாவையும் கேட்டமை. உறக்கம் துண்டுபட்டதோடு இத்தேய்வு பொருந்தவில்லை. குருதியில் பிராணவாயு குறைந்ததோடு பொருந்திற்று. முதலில் அளந்து பின்னர்க் கண்டதனால், ஒரே நாளில் இரண்டையும் அளக்கும் ஆய்வுகளினும் இதன் சொல்லுக்கு எடை மிகுதி. ஆயினும் இதுவும் பொருத்தத்தைக் காட்டியதேயன்றிக் காரணத்தை நிறுவியதாகாது.

காரணத்தை நிறுவ வேண்டுமாயின், நோயை நீக்கிப் பார்த்தல் வேண்டும். நீக்கும் கருவியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்பவர் 1981இல் அறிவித்த முறையில், முகமூடி வழியாக மென்மையான காற்றழுத்தத்தை இரவு முழுவதும் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கின்றனர். அமெரிக்காவில் ஆயிரத்திற்கு மேற்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு மெய்க்கருவியும் மற்றவர்க்குப் பொய்க்கருவியும் தந்து ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. பகலுறக்கம் குறைந்தது. அறிவுத் தேர்வுகளிலோ, தொடக்கத்தில் சிறிது முன்னேற்றம் தோன்றியதேயன்றி, ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி விற்போர் இதனை உரக்கச் சொல்வதில்லை. இதனைச் சொல்லி மருத்துவத்தையே தள்ளுவோரும் முழுமையாகச் சொல்வதில்லை. அச்சோதனையில் சேர்ந்தோர் பெரும்பாலும் நடுவயதினர், நினைவு கெடாதவர். கெடாததைத் தேற்றிக் காட்ட எந்தக் கருவியாலும் இயலாது. மெல்ல மெல்லத் தேயும் ஒன்றை ஆறு மாதம் என்னும் குறுகிய காலத்தில் அளத்தலும் அரிது.

தேர்வு என்ற சொல் இங்கு மற்றொரு வினாவை எழுப்புகிறது. யாருடைய அறிவை, யார் வகுத்த கோலால் அளக்கின்றனர்? உலகெங்கும் வழங்கும் தேர்வுகளில் ஒன்று மான்ட்ரியல் நகரில் உருவாகி 2005இல் வெளியிடப்பட்டது. அதில் கனசதுரம் ஒன்றைப் பார்த்து வரைதல் வேண்டும். கடிகார முகத்தில் பதினொன்று பத்து என்ற நேரத்தைக் குறித்தல் வேண்டும். படத்திலுள்ள காண்டாமிருகத்தையும் ஒட்டகத்தையும் பெயர் சொல்லுதல் வேண்டும். இன்ன தேதி என்று கூறுதல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பள்ளியில் பயிலாதவர்க்கு ஒரு மதிப்பெண் சலுகை உண்டு. பன்னிரண்டு ஆண்டு! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, தங்கை தம்பியைப் பார்த்துக்கொண்டு, பிறகு தாயோடு மரம் வெட்டப் போன ஒரு மூதாட்டிக்கு அந்த ஒரு மதிப்பெண் ஈடாகுமா? பென்சில் பிடித்துக் கனசதுரம் வரைந்த நாள் அவர் வாழ்வில் இருந்திருக்குமோ என்பதே ஐயம். அவருடைய காலக்கணக்கு சம்பள நாளாலும், தீபாவளியாலும், மாசி மகத்தன்று நடக்கும் சன்னாசிமலைத் திருவிழாவாலும் நடந்தது. தேதி கேட்டால் தடுமாறுவார். தம் நிரையிலிருந்த நானூறு ஐந்நூறு மரங்களில் எது பால் வற்றியது, எதன் பட்டை எந்தப் பக்கம் வெட்டப்பட்டது என்பதைக் கேட்டுப் பார்த்தவர் எவருமில்லை.

ஆகவே அவர் தேர்வில் பெறும் குறைந்த மதிப்பெண் மூன்று வழியிலும் பிழையாகப் படிக்கப்படலாம். கல்விக் குறையை அறிவுத் தேய்வு என்று கொள்ளுதல் ஒன்று. மெய்யான தேய்வை, படியாதவர்தாமே என்று தள்ளிவிடுதல் மற்றொன்று. மூன்றாவதே வீடுகளில் மிகுதி. வயதாகிவிட்டது, பாட்டிக்கு மறதி என்று கூறி, அவர் இரவில் மூச்சுத் திணறுவதையும் பகலில் தொலைக்காட்சி முன் தலை சாய்வதையும் அதனோடு சேர்த்து எண்ணாமல் விடுவர். ஒருவரைப் பிறரோடு ஒப்பிடும் கோலைவிட, அவரையே அவருடைய சென்ற ஆண்டோடு ஒப்பிடும் கோல் இத்தகையவர்க்கு மிகப் பொருந்தும். அக்கோல் வீட்டாரிடம் இருக்கிறது. முன்பு தவறாமல் வைத்த குழம்பில் உப்பை இருமுறை இடுகிறாரா, பேரன் பெயரை மகன் பெயரோடு குழப்புகிறாரா, சந்தைக்குச் சென்று வழி தடுமாறினாரா என்பன எந்த அச்சிட்ட வினாத்தாளிலும் இல்லாத, ஆனால் மருத்துவர் கேட்டறிய வேண்டிய செய்திகள்.

இவ்விடத்தில் நம்மவரிடையே வழங்கும் ஒரு பெருமிதத்தையும் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூவிரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் என நாடி பார்த்தனர். வாதநாடி அன்னம்போலும் மயில்போலும், பித்தநாடி ஆமைபோலும் அட்டைபோலும், ஐயநாடி தவளைபோலும் பாம்புபோலும் நடக்கும் என்றனர். ஆகவே துடிப்பிடை வேறுபாட்டை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மேடைகளிற் கூறுவோர் உளர். நாடியின் விரைவை மட்டும் எண்ணாமல் அதன் நடையை நோக்கியது சிறந்த நோக்கே. அதனைப் போற்றுதல் தகும். ஆனால் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து, மணிக்கணக்கில் பதிந்து, அலைவகை பிரித்துப் பார்ப்பது வேறு செயல். விரல் உணரும் நடை ஒன்று. கருவி பிரிக்கும் அலை மற்றொன்று. இரண்டையும் ஒன்றென்று கூறினால் சித்தர்க்குப் பெருமை சேர்வதில்லை. அவர்கள் உண்மையில் எதனைக் கண்டனர் என்று ஆராயும் வழிதான் அடைபடுகிறது.

நோயினர் தொகையைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் மூவினத்தாரையும் ஆராய்ந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமாகக் குறட்டை விடுவோர் இந்தியரிடையே மிகுந்திருந்தனர். பருமன் இதற்குப் பெருங்காரணம் எனினும் அது மட்டுமே காரணம் அன்று. தாடை சிறுத்தவரும், தொண்டை வழி குறுகியவரும் மெலிந்த உடலோடும் நோயுறுகின்றனர். மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்துவது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சுவும் குடும்பங்களைச் சீரழித்த கதையைப் பேசியோர் பலர். குடித்துவிட்டு உறங்குகிறவனின் குறட்டை ஏன் அவ்வளவு பெரிதாகிறது, அவன் மூச்சு ஏன் நெடுநேரம் நிற்கிறது என்பதைப் பேசியோர் குறைவு.

மருத்துவத்தை நாடுவதற்கும் தடைகள் இருக்கின்றன. காற்றழுத்தக் கருவியின் விலை சில ஆயிரம் ரிங்கிட். லாரியோட்டிக்கு வேறோர் அச்சமும் உண்டு. பகலில் உறக்கம் வருகிறது என்று மருத்துவரிடம் ஒப்புக்கொண்டால் உரிமம் போய்விடுமோ, பிழைப்பு கெடுமோ என்று அவர் அஞ்சுகிறார். அதனால் சிம்பாங் அம்பாட்டிற்கும் ஆயர் குரோவுக்கும் இடையே நெடுஞ்சாலையில் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். சோம்பேறி என்ற பெயருக்கு அஞ்சி இன்னும் ஒரு முறை கூடுதலாக ஓட்டுகிறார். காற்றழுத்த மருத்துவம் நினைவைக் காக்குமா என்பதில் ஆராய்ச்சி இன்னும் முடிவு காணவில்லை. அது பகலுறக்கத்தைக் குறைக்கும் என்பதிலோ ஐயமில்லை. லாரியோட்டியின் உயிருக்கும், அவருக்கு எதிரே வருவோர் உயிருக்கும் அதுவே போதிய காரணம்.

மருத்துவர், குறட்டை விடுவீரா என்று நோயாளியைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்ற விடையே வரும். உடன் வந்த மனைவியைக் கேட்டால் வேறு விடை வரும். மூச்சு நின்றபோது தோளைத் தட்டி எழுப்பிய இரவுகளை அவர் எண்ணிச் சொல்வார். கணவனை இழந்து தனியே உறங்கும் முதிய பெண்களுக்கு அச்சாட்சியும் இல்லை. அவர்களுக்கு, இரவு முழுவதும் விரல் நுனியிற் பொருத்திவைத்துக் குருதியின் பிராணவாயுவைப் பதியும் ஒரு சிறு கருவியே முதற்கண் சாட்சியாக உதவும். மணிக்கட்டுக் கருவி காட்டும் இதய எண்ணைக் காட்டிலும் அப்பதிவைக் கேட்டுப் பெறுதல் பயனுடையது.